பஞ்சுத் தூசியும் பீடிப் புகையும்

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் 'புகை பிடிக்காதீர்' பலகை கண்ணில் படும். தொழிலாளியின் நெஞ்சை நினைத்து மாட்டியதில்லை அது. துணிக்குப் பயந்து மாட்டியது. அடுக்கி வைத்த ரோல்கள், கட்டிங் மேஜைக்கு அடியில் குவிந்த வேஸ்ட், டியூப்லைட்டின் மேல் படிந்த பிசிறு என்று ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பொருள்கள்தான் எங்கும். பணியிடங்களில் புகைப்பதை நாடு முழுவதும் தடுத்த விதி 2008 அக்டோபர் 2-ல்தான் நடைமுறைக்கு வந்தது. முதலாளிகள் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே நெருப்புக்காக அதைச் செய்துவிட்டார்கள்.

புகை வெளியே போனது. புகையிலை உள்ளேயே தங்கிவிட்டது. டீ டைம் ஆனதும் கம்பெனிக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் கூட்டம் மொய்க்கும் (கொங்கு நாட்டில் டீக்கடைக்கும் பேக்கரி என்றே பெயர்). பத்து நிமிடத்துக்குள் ஒரு டீ, ஒரு பப்ஸ், லூஸில் வாங்கிய ஒரு சிகரெட். அடுத்த டீ டைம் வரை புகைக்க வழியில்லை. ஆனால் வடக்கிலிருந்து வந்தவர் கைனியை உள்ளங்கையில் கொட்டி, சுண்ணாம்பு சேர்த்து, கட்டைவிரலால் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு வாயில் இடுக்கிக்கொள்கிறார். உள்ளூர்க்காரர் ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள் அதக்குகிறார். ஓவர்லாக் மெஷினை விட்டு எழ வேண்டியதில்லை, பீஸ் எண்ணிக்கை குறையாது, சூப்பர்வைசருக்கும் தெரியாது. குட்கா, பான் மசாலாவைத் தமிழ்நாடு 2013-ல் தடை செய்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த வழக்காட்டம் நடந்த காலமெல்லாம் பொட்டலங்கள் பெட்டிக்கடைக்குப் பின்பக்கம் கைமாறிக்கொண்டுதான் இருந்தன.

தொழிலாளி புகையிலையை ஏன் விடுவதில்லை என்று கேட்கும் ஆய்வுகள் ஒரு பக்கம் குவிந்திருக்கின்றன. பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று கேட்கும் ஆய்வுகள் இன்னொரு பக்கம். முதலாவதை மனநலத் துறையும் புற்றுநோய்த் துறையும் எழுதுகின்றன. இரண்டாவதைத் தொழில்சார் மருத்துவம் எழுதுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு. ஆனால் ஓர் ஆளுக்கு இருப்பது ஒரு ஜோடி நுரையீரல்தான். சேர்த்துப் படித்த சில ஆய்வுகள் சொல்வதைத் திருப்பூரை மனதில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

திருப்பூரில் சுற்றுச்சூழல் என்றால் எல்லோருக்கும் நொய்யல் ஆற்றின் ஞாபகம்தான் வரும். அதற்குக் காரணம் உண்டு. 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவைத் தேக்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் சங்கம் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றது. ஊரே நின்றுபோனது. நிலத்தடி நீரின் உப்பு, பயிர் இழப்பு, மீன் இழப்பு என்று பொருளாதார ஆய்வாளர்கள் வரை வந்து கணக்கெடுத்தார்கள். சுவருக்கு வெளியே ஓடும் தண்ணீருக்கு வாதாட நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். சுவருக்கு உள்ளே இருக்கும் காற்றுக்கு அப்படி யாரும் இல்லை. இந்த ஆண்டு ஒரு கம்பெனி, அடுத்த ஆண்டு இன்னொரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருப்பவர் எந்தக் காற்றுக்காக வழக்குப் போடுவார்?

அந்தக் காற்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தூசி மிக அதிகம் இருப்பது பனியன் கம்பெனிக்கு நூல் தரும் ஸ்பின்னிங் மில்லில், அதிலும் பேலைப் பிரிக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும். பல்லடம், உடுமலை, சோமனூர்ப் பக்கம் கழிவுப் பஞ்சையும் கட்டிங் வேஸ்ட்டையும் மறுபடி நூலாக்கும் ஓ.இ. மில்களில் நிலைமை இன்னும் மோசம். நிட்டிங்கில் மெஷினுக்கு மேல் சுழலும் ஃபேன் பிசிறை ஊசியிலிருந்து விரட்டுகிறது. விரட்டிய பிசிறு ஆளின் புருவத்தில் வந்து உட்காருகிறது. ஃப்ளீஸ் துணிக்கு மயிர் எழுப்பும் ரைசிங் மெஷின் பக்கம் நின்றால் ஷிப்ட் முடிவதற்குள் தலை நரைத்துவிடும். செக்கிங், பேக்கிங் பக்கம் தூசி குறைவு. ஆகவே 'திருப்பூர்த் தொழிலாளி' என்று ஒட்டுமொத்தமாகப் பேசும் எந்த மருத்துவக் கணக்கையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். எந்த செக்ஷன் என்பதுதான் முதல் கேள்வி.

பஞ்சுத் தூசி நோய்க்கு மருத்துவ நூல்களில் பிசினோசிஸ் என்று பெயர். அதன் அடையாளம் வினோதமானது. ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்த சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். செவ்வாய் கொஞ்சம் பரவாயில்லை. வாரக் கடைசியில் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். ஆண்டுகள் போகப் போக இறுக்கம் எல்லா நாளுக்கும் பரவும். அப்புறம் திரும்புவது கடினம். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் ரிச்சர்ட் ஷில்லிங் இதைப் படிப்படியாக வகைப்படுத்தினார். நம் ஊரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை டாஸ்மாக், திங்கட்கிழமை லீவு என்பது முதலாளிகள் சலித்துக்கொள்ளும் பழைய புகார். அந்தத் திங்கட்கிழமை லீவுகளில் எத்தனை குடியால் வந்தவை, எத்தனை நெஞ்சிறுக்கத்தால் வந்தவை என்று பிரித்துப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், பழி மட்டும் வேறு. 1970-களில் கரோலினா மாநிலங்களின் மில் தொழிலாளர்கள் பழுப்பு நுரையீரல் என்ற பெயரில் நிவாரணம் கேட்டுச் சங்கம் சேர்ந்தபோது, மில் தரப்பு காட்டியது சிகரெட்டை. புகைத்துக் கெடுத்துக்கொண்ட நுரையீரலுக்கு நாங்கள் எதற்குப் பணம் தர வேண்டும் என்பது வாதம். 1978-ல் அமெரிக்க அரசு நூற்பு வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் தூசிக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. 1981-ல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை உறுதி செய்தது. அந்தச் சண்டை விட்டுச்சென்ற தழும்பு இன்னும் ஆறவில்லை. தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள் புகைப் பழக்கம் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள். பேசினால் பழி தொழிலாளி தலையில் விழும் என்ற பயம். நிர்வாகத்தின் பக்கம் நிற்பவர்களுக்கோ புகையை விட்டால் வேறு பேச்சே இல்லை.

இரண்டு தரப்பையும் வாயடைக்க வைக்கும் ஆய்வு ஷாங்காயிலிருந்து வந்தது. ஹார்வர்டின் டேவிட் கிறிஸ்டியானியும் சீன ஆய்வாளர்களும் 1981-ல் அங்கே 447 பஞ்சாலைத் தொழிலாளர்களையும் 472 பட்டாலைத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மூச்சளவு எடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பட்டில் பஞ்சின் தூசி கிடையாது. ஆகவே ஒப்பிட வசதி. பஞ்சாலைக்காரர்களின் மூச்சுத் திறன் வேகமாகக் குறைந்தது. காரணம் பஞ்சு நார் மட்டும் இல்லை. பஞ்சில் ஒட்டி வளரும் பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சும் சேர்ந்தது. (புகையிலைப் புகையிலும் இதே எண்டோடாக்சின் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.) வேலையை விட்டுத் தூசியிலிருந்து விலகியவர்களின் நுரையீரல் ஓரளவு தேறியது. ஆனால் புகைப்பவர்களிடம் அந்தத் தேற்றம் குறைவாக இருந்தது. தூசியை நிறுத்தினால் மட்டும் போதாது, புகையை நிறுத்தினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த ஆய்வில் திருப்பூருக்கு நேராகப் பொருந்தும் ஒரு விஷயம் பெண்கள். ஷாங்காய் ஆலைப் பெண்கள் ஏறக்குறைய யாரும் புகைப்பதில்லை. அப்படியும் அவர்கள் மூச்சுத் திறன் குறைந்தது. பனியன் கம்பெனிகளில் பாதிக்கு மேல் பெண்கள். தமிழ்நாட்டில் புகைக்கும் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு கட்டிங் செக்ஷனில் புகைக்காத பெண்களும் தொடர்ந்து இருமினால், அங்கே பீடியின் மேல் பழி போட முடியாது. இயற்கையே ஏற்பாடு செய்து வைத்த ஒப்பீட்டுக் குழு அது. லைன் வீட்டில் ஒற்றை அறையில் கணவர் விடும் புகையையும், விறகு எரிக்கும் வீடானால் அடுப்புப் புகையையும் மட்டும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நஞ்சு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ்தான் பாடப்புத்தக உதாரணம். நியூயார்க்கில் செலிகாஃப் குழு 1979-ல் வெளியிட்ட கணக்கில், இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிக்கு நுரையீரல் புற்று மரணம் சுமார் 5 மடங்கு, புகைப்பவருக்கு 11 மடங்கு. இரண்டும் உள்ளவருக்கு 50 மடங்கைத் தாண்டியது. சாயத் தொழிலில் இதற்கு ஒரு தம்பி உண்டு. 1895-ல் பிராங்க்ஃபர்ட்டின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ரேன் சாயத் தொழிற்சாலை ஆட்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டுபிடித்தார். குற்றவாளி அரோமேட்டிக் அமீன்கள். புகையிலைப் புகையில் இருப்பதும் அதே குடும்பம். பென்சிடின் சாயங்களை இந்தியா 1993-ல் தடை செய்தது. மேலும் பல அசோ சாயங்களை 1997-ல் தடை செய்தது. ஜெர்மனி வாங்க மறுத்ததால் வந்த சுறுசுறுப்பு அது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சாயங்கள் போய்விட்டாலும், அந்தக் காலத்தில் வின்ச் என்ற சாய மெஷினில் நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் புற்று பல பத்தாண்டு கழித்து வருவது; அவர்கள் புகையை விடுவது இன்றும் கணக்கில் சேரும்.

தமிழ்நாட்டின் சொந்தக் கணக்குகளில் முக்கியமானது வி. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலானவர்களும் 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்டது. சென்னையிலும் கிராமப்புறத்திலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் குடும்பங்களைக் கேட்டு, உயிரோடு இருந்த சுமார் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்பும் புற்றும் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது காசநோய்: புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைப் போல் சுமார் 4 மடங்கு. ஹாஸ்டலிலும் லைன் வீட்டிலும் ஓர் அறைக்கு ஆறு, எட்டுப் பேர் தங்கும் ஊருக்கு, சிகரெட் பெட்டியின் புற்றுநோய்ப் படத்தைவிட இந்தச் செய்திதான் அவசரம். இன்னொரு கணக்கு பலருக்கு அதிர்ச்சி தரும். நாடு முழுதும் புகையிலை பயன்படுத்துவோர் 2009–10-ல் 34.6 சதவீதம், 2016–17-ல் 28.6 ஆகக் குறைந்தது. அதே இரண்டு கணக்கெடுப்புகளில் தமிழ்நாடு 16.2-லிருந்து 20 சதவீதமாக ஏறியது. நாட்டைவிடக் குறைவுதான், ஆனால் திசை தவறு.

விடவைக்கும் வழிகள் பற்றி என்ன தெரியும்? இங்கிலாந்து மருத்துவர்களை ரிச்சர்ட் டால் குழு ஐம்பதாண்டு பின்தொடர்ந்ததில், 30 வயதில் விட்டவருக்கு இழந்திருக்கக்கூடிய 10 ஆண்டும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டவருக்கு 6 ஆண்டு. பனியன் கம்பெனி ஆட்களில் இருபது, முப்பது வயதுக்காரர்களே அதிகம் என்பதால் இங்கே லாபம் பெரிது. கேரளத்தில் தங்கப்பன் குழு சர்க்கரை நோயாளிகளிடம் செய்து 2013-ல் வெளியிட்ட சோதனையில், மருத்துவர் விடச் சொன்னதோடு பயிற்சி பெற்ற பணியாளர் உட்கார்ந்து ஆலோசனையும் சொன்ன குழுவில் ஆறு மாதத்தில் 51.8 சதவீதம் பேர் விட்டதாகச் சொன்னார்கள். மருத்துவர் சொல்லோடு நின்ற குழுவில் 12.5. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நோயில்லாத இளம் ஆண்களிடம் செய்த சோதனையில் அதே மாதிரி முயற்சிக்குக் கிடைத்தது இரண்டு மாதத்தில் 12.5 சதவீதம், துண்டுப் பிரசுரம் மட்டும் வாங்கியவர்களில் 6. வித்தியாசம் எதனால்? சர்க்கரை நோயாளிக்கு உடம்பு ஏற்கெனவே எச்சரித்துவிட்டது. சொல்கிறவரும் அவர் நம்பும் மருத்துவர். இருபத்தைந்து வயது டெய்லருக்கு இரண்டும் இல்லை.

அந்த நம்பிக்கையை எங்கிருந்து கொண்டுவருவது என்பதில்தான் என் கவனத்தை ஈர்த்த ஆய்வு வருகிறது. மாசசூசெட்ஸில் குளோரியன் சோரன்சன் குழு 15 தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டது. ஒரு பாதியில் வழக்கமான உடல்நல வகுப்பு: புகைக்காதே, காய்கறி சாப்பிடு. மறு பாதியில் அதே வகுப்போடு, தொழிற்சாலைக்குள் இருக்கும் ஆபத்துகளைக் குறைக்க நிர்வாகமும் வேலை செய்தது. 2002-ல் வெளியான முடிவு: முதல் பாதியில் மணிக்கூலித் தொழிலாளர்களில் புகையை விட்டவர்கள் 5.9 சதவீதம், மறு பாதியில் 11.8. அதாவது நிர்வாகம் தன் பங்குக்கு எதையாவது விட்ட இடத்தில் தொழிலாளியும் விட்டார். பிறகு இதே குழு மும்பையின் ஹீலிஸ் சேக்சரியா நிறுவனத்தோடு சேர்ந்து மும்பை வட்டாரத்தில் 20 தொழிற்சாலைகளில் இந்த வழியைச் சோதித்தது. அங்கேயும் பலன் தெளிவாகத் தெரிந்தது ஆபீஸ்காரர்களிடம் இல்லை, உற்பத்திப் பிரிவு ஆட்களிடம்தான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 'நாள் முழுக்கத் தூசியைத் தின்னுட்டுத்தானுங்க இருக்கறோம், இந்த ஒரு பீடிதான் கொல்லப் போகுதுங்களா?' என்ற கேள்விக்கு எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது சுகாதாரத் துறையின் வழக்கம். எனக்கு அது சரியான கேள்வியாகவே படுகிறது. பதில்தான் தவறாக முடிகிறது. தூசியைத் தின்பவருக்குத்தான் பீடி கூடுதலாகக் கெடுதல். ஆனால் அதைத் தூசியை உறிஞ்சும் ஃபேன் ஒன்றைப் பொருத்திவிட்டுச் சொன்னால் கேட்பார். ஆடிட் நாளில் மட்டும் மாஸ்க் கொடுத்து மறுநாள் பெட்டியில் போட்டு வைக்கும் கம்பெனி சொன்னால் கேட்க மாட்டார்.

அடுத்த தடை கூலி. நிகோடினை நிறுத்திய முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் உச்சத்தில் இருக்கும். பிறகு சில வாரங்களில் தணியும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு கெட்ட வாரம், அவ்வளவுதான். பீஸ் ரேட் டெய்லருக்கு அது சம்பளக் குறைவு. தையல் கோணினால் ஆல்டர் பீஸ் திரும்பி வரும், அதைப் பிரித்துத் தைக்கும் நேரமும் அவர் கணக்கில்தான். புகையை விடுவதன் விலையை அவர் ஒருவரே கட்ட வேண்டியிருக்கிறது. மேஜையை விட்டு எழ முடியாத வேலை உடம்பை எப்படி நடத்துகிறது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. தமிழ்நாட்டு நூற்பு, தையல் ஆலைகளில் மாதவிடாய் வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரை கொடுத்து வேலையில் உட்கார வைத்ததை, சுமார் 100 பெண்களிடம் பேசி 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. ஹான்ஸும் அந்த மாத்திரையும் பாதிநேரம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ஷிப்டை ஓட்டுவது.

உதவிக்கு இருக்கும் ஏற்பாடுகளும் ஷிப்டைப் பார்த்துச் செய்தவை இல்லை. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் 2016-ல் டெல்லியில் தொடங்கியது. பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் வழியாகத் தென்மொழிகளுக்கும் வந்தது. சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது. லூஸில் வாங்குபவர் பெட்டியைப் பார்ப்பதில்லை. தொடங்கும்போது அறிவித்த நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கட்கிழமை விடுமுறை. காலை எட்டரைக்கு உள்ளே போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வெளியே வருபவருக்கு ஞாயிறு மட்டும்தான் மிச்சம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்கு எண் இருக்கிறது, உள்ளூர் மருத்துவமனையில் மொழி இல்லை.

சட்டத்தில் குறைவில்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே பிசினோசிஸ் இருந்தது. அதைக் கண்ட மருத்துவர் 89-ஆம் பிரிவின்படி தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டமும் அதைத் தொழில் நோயாக ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் கூட்டமான மருந்தகத்தில் இருமலோடு வருபவரிடம் 'பீடி, சிகரெட் உண்டா?' என்று கேட்பதற்குத்தான் நேரம் இருக்கிறது. 'எந்த செக்ஷன், எத்தனை வருஷம், திங்கட்கிழமை எப்படி இருக்கும்?' என்று கேட்பதற்கு இல்லை. ஆமாம் என்று ஒரு பதில் வந்ததும் நோய்க்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2024-ல் தொழிற்கூடங்களுக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது நல்ல காரியம். மூச்சையும் அதில் சேர்க்கலாம். பீக் ஃப்ளோ மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஊதத் தெரிந்தால் போதும்.

அப்படிச் சேர்ப்பதானால் திருப்பூரில் அதற்கேற்ற நாள்களும் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனிகள் சேர்ந்தாற்போல் மூடுகின்றன; தேனி, மதுரை, நெல்லை என்று ஊருக்குப் போனவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புகிறார்கள். அந்த வாரத்தில் தூசி இல்லை, பீஸ் ரேட்டும் இல்லை. விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள் மாலை ஒரு மூச்சளவு. ஊரிலிருந்து வந்து மெஷினில் உட்காருவதற்கு முன் காலையில் ஒன்று, அன்று மாலை இன்னொன்று. காலைக்கும் மாலைக்கும் நடுவில் அளவு விழுந்தால் அது அந்த செக்ஷனின் தூசி. புகையை விட நினைப்பவருக்கு நிறுத்தும் தேதியை அந்த விடுமுறையின் முதல் நாளாகக் குறித்துக் கொடுக்கலாம். எரிச்சல் மிகுந்த வாரம் கூலியில்லா வாரத்திலேயே கழிந்துவிடும். திரும்பிவந்த வாரத்துக்கு டார்கெட்டைக் குறைத்துப் போடுவது காண்ட்ராக்டரின் பங்கு. ரைசிங் மெஷினுக்கு உறிஞ்சுகுழாய் போடுவது முதலாளியின் பங்கு. இந்த நான்கையும் ஐம்பது கம்பெனிகளில் செய்து, செய்யாத ஐம்பதோடு ஒப்பிட ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும் ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஒரே மேஜைக்கு வந்தால் போதும். கூலி ஒப்பந்தம் பேச அந்தக் கடைசி இருவரும் ஆண்டுக்கணக்காக ஒரே மேஜையில் உட்கார்ந்து பழகியவர்கள்தான்.